இரண்டு இடங்களிலிருந்து ஒரே விளக்கு

கிராமங்களில் மின்சார விளக்கு இல்லாத வீடு இன்று அரிதாகிவிட்டது. 1932 ஆம் ஆண்டில் பைக்காராவில் நீர்மின் உற்பத்தி தொடங்கியபோதும், 1957 ஆம் ஆண்டில் சென்னை மாநில மின்சார வாரியம் அமைந்தபோதும், ஒரு கிராமத்திற்கு மின்கம்பி வந்து சேர்வதே விழாவாகக் கொண்டாடத் தக்க செய்தியாக இருந்தது. இன்றுள்ள கேள்வி வேறு. மின்சாரம் வந்துவிட்டது, விளக்கும் எரிகின்றது, ஆனால் அந்த விளக்கை ஏற்றவும் அணைக்கவும் உரிய சுவிட்சு, கை எட்ட வேண்டிய இடத்தில் இருக்கின்றதா? கிராமங்களைச் சுற்றிப் பார்க்கும்போது, பெரும்பாலான வீடுகளில் இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கின்றது.

மாடிப்படியை எடுத்துக்கொள்வோம். படியின் அடியில் ஒரு சுவிட்சு இருக்கும். விளக்கை ஏற்றிக்கொண்டு மேலே சென்றவர், அங்கிருந்து அதை அணைக்க இயலாது. மொட்டை மாடியில் காயவைத்த நெல்லையோ மிளகாயையோ மழைக்கு முன்பாக அள்ளிவர நள்ளிரவில் இறங்கி ஏறுகிறவர், ஒன்று விளக்கை விடியவிடிய எரியவிட வேண்டும். அல்லது இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு படியிறங்க வேண்டும். தொழுவத்தின் நிலையும் இதுவே. கன்று ஈனும் பருவத்தில் ஓர் இரவில் மூன்று நான்கு முறை எழுந்துபோய்ப் பார்க்காத குடியானவர் உண்டோ? விளக்கின் சுவிட்சு தொழுவத்தில் இருந்தால், அதை ஏற்றும் வரையில் முற்றம் முழுவதையும் இருளிலே கடக்க வேண்டும். பாம்பும் தேளும் நடமாடும் நேரமும் அதுதான். சுவிட்சு வீட்டில் இருந்தாலோ, தொழுவத்திலேயே படுத்துவிட நினைப்பவர் விளக்கை அணைப்பதற்காகத் திரும்பவும் வீட்டிற்கு வர வேண்டும்.

இரவு முழுவதும் ஒரு விளக்கு எரிவதனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். 9 வாட் எல்.இ.டி. விளக்கு நாள்தோறும் 10 மணி நேரம் எரிந்தால், 30 நாளில் 2.7 யூனிட்டே செலவாகும். அதே வேலைக்கு முன்பு உபயோகத்திலிருந்த 60 வாட் குண்டு பல்பு 18 யூனிட் தின்றது. ஆகவே செலவு இன்று பெரிதன்று என்பதை ஒப்புக்கொள்வோம். நாம் இதை எழுதுவது சிக்கனத்தை முன்னிட்டு மட்டுமன்று. இருட்டில் இடறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த முதியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதைவிட முக்கியமாக, இரண்டு இடங்களிலிருந்து ஒரு விளக்கை இயக்கும் ஏற்பாட்டைத் தவறான முறையில் செய்துவிட்டால், அது உயிருக்கே உலை வைக்கும். சரியான முறை எது, தவறான முறை எது என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தால், ஒயர்மேனிடம் கேட்டுச் செய்துகொள்ளலாம். தெரியாவிட்டால், விளக்கு எரிகின்றது என்பதை மட்டுமே பார்த்துக் கூலியைக் கொடுத்தனுப்பிவிடுவோம்.

வாய்க்காலும் மடையும்

சாதாரணச் சுவிட்சில் கம்பி மாட்டுவதற்கு இரண்டு முனைகள் உண்டு. அழுத்தினால் இரண்டும் சேரும். மறுபுறம் அழுத்தினால் பிரியும். இதை ஒருவழிச் சுவிட்சு என்பர். இருவழிச் சுவிட்சில் மூன்று முனைகள் இருக்கும். கடையில் 'டூவே சுவிட்சு' என்று கேட்டால் கொடுப்பார்கள். விலை ஒருவழிச் சுவிட்சைவிடச் சிறிது கூடுதல். அதன் மூன்று முனைகளில் ஒன்று பொது முனை. மற்ற இரண்டும் பக்க முனைகள். சுவிட்சு ஒரு நிலையில் இருக்கும்போது பொது முனை ஒரு பக்க முனையோடு சேர்ந்திருக்கும். நிலையை மாற்றினால் மற்றப் பக்க முனையோடு சேரும். எதனோடும் சேராத நிலை என்பது இதற்குக் கிடையாது. இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பாசன வாய்க்காலைக் கொண்டு இதை விளக்கினால் நம் விவசாயிகளுக்கு எளிதில் விளங்கும். பெரிய வாய்க்கால் ஒன்று ஒரு மடைக்கு வந்து சேர்கின்றது. அந்த மடையிலிருந்து இணையாக இரண்டு சிறு வாய்க்கால்கள் புறப்படுகின்றன. மேல் மடையில் நிற்பவர் தண்ணீரை இடது வாய்க்காலில் விடலாம், அல்லது வலது வாய்க்காலில் விடலாம். ஏதேனும் ஒன்றில் விட்டே ஆக வேண்டும். இரண்டு வாய்க்கால்களும் வயலுக்கு அருகே கீழ் மடையில் வந்து முடிகின்றன. அங்கே நிற்பவரும் இடதைத் திறக்கலாம், அல்லது வலதைத் திறக்கலாம். மேலே உள்ளவர் இடதில் விட்டு, கீழே உள்ளவரும் இடதைத் திறந்திருந்தால் வயலுக்குத் தண்ணீர் பாயும். இருவரும் வலதைத் தேர்ந்தாலும் பாயும். ஒருவர் இடது, மற்றவர் வலது என்றால் பாயாது. இப்போது இருவரில் எவரேனும் ஒருவர் தம் மடையை மாற்றினால் போதும். பாயாத தண்ணீர் பாயும், பாய்கின்ற தண்ணீர் நிற்கும். மற்றவரைக் கேட்க வேண்டியதில்லை. மேல் மடை ஒரு சுவிட்சு, கீழ் மடை இன்னொரு சுவிட்சு, வயல்தான் விளக்கு.

இந்த உவமையில் இன்னொரு செய்தியும் அடங்கியுள்ளது. வயல் காய்ந்து கிடக்கும்போதும், மேல் மடையில் திறந்துவிட்ட வாய்க்காலில் தண்ணீர் கீழ் மடை வரையில் நிரம்பி நிற்கும். அவ்வாறே, விளக்கு அணைந்திருக்கும்போதும் இரண்டு இடைக்கம்பிகளில் ஒன்றில் மின்சாரம் எப்போதும் நிற்கின்றது. எனவே விளக்கு எரியவில்லை என்பதை நம்பி எந்தச் சுவிட்சுப் பெட்டியையும் திறக்கக் கூடாது. மெயினை நிறுத்திவிட்டே திறக்க வேண்டும்.

உவமை பொருந்தாத இடத்தையும் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் வயலோடு தங்கிவிடும், மின்சாரம் தங்காது. விளக்கின் வழியாகச் சென்று திரும்பிப் போகும் பாதை அதற்கு வேண்டும். அதுவே நியூட்ரல் கம்பி.

கம்பி செல்லும் வழி

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுடையது. வருவன இரண்டு கம்பிகள்: ஒன்று பேஸ், மற்றொன்று நியூட்ரல். வீட்டிலேயே மண்ணில் பதித்த எர்த் கம்பி மூன்றாவது. பேஸ் கம்பிக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய நிறங்களில் ஒன்றும், நியூட்ரலுக்குக் கறுப்பும், எர்த்துக்குப் பச்சையும் நம் நாட்டில் வழக்கமாக உள்ள நிறங்கள்.

சரியான முறை இது. பேஸ் கம்பி முதற் சுவிட்சின் பொது முனைக்கு வருகின்றது. அச்சுவிட்சின் இரு பக்க முனைகளிலிருந்து இரண்டு இடைக்கம்பிகள் புறப்பட்டு, இரண்டாம் சுவிட்சின் இரு பக்க முனைகளுக்குச் செல்கின்றன. இரண்டாம் சுவிட்சின் பொது முனையிலிருந்து ஒரு கம்பி விளக்கின் ஹோல்டருக்குப் போகின்றது. ஹோல்டரின் மற்ற முனையிலிருந்து கறுப்புக் கம்பி நேராக நியூட்ரலுக்குத் திரும்புகின்றது. வழியில் எந்தச் சுவிட்சையும் அது தொடுவதில்லை. இவ்வளவுதான். மாடிப்படி ஒயரிங் என்று தொழிற்பயிற்சி நிலையங்களில் சொல்லிக்கொடுப்பது இதுவே.

பொது முனை எது என்று அறிந்து மாட்டுவதில்தான் பெரும்பாலும் தவறு நேர்கின்றது. பல தயாரிப்புகளில் அது நடுவில் இருக்கும், எல்லாவற்றிலும் அப்படியன்று. சுவிட்சின் பின்புறத்தில் குறியிட்டிருப்பார்கள். அதைப் பார்த்தே மாட்ட வேண்டும். பொது முனைக்குரிய கம்பியைப் பக்க முனையில் மாட்டிவிட்டால், ஒரு சுவிட்சு ஒரு குறிப்பிட்ட நிலையில் இருக்கும்போது மட்டுமே மற்றச் சுவிட்சு வேலை செய்யும். இத்தகைய வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். "மாடியிலுள்ள சுவிட்சை யாரும் தொடாதீர்கள்" என்று எச்சரித்து, அதன்மேல் காகிதம் ஒட்டி, ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளுகிறார்கள். ஒயர்மேன் ஒருவர் இரண்டு கம்பிகளை இடம் மாற்றி மாட்டினால் பத்து நிமிடத்தில் தீர்ந்துபோகும் குறை அது.

விளக்குக்குரிய கம்பி 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியாக இருந்தால் போதும், 1.5 சதுர மில்லிமீட்டர் எனில் இன்னும் உறுதி. சுவிட்சு 6 ஆம்பியர் தாங்குவதாக இருக்கும்; ஓர் எல்.இ.டி. விளக்கு எடுப்பதோ ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எனவே கம்பி சூடாகும் என்ற அச்சம் இங்கே வேண்டியதில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள கம்பியையும் சுவிட்சையும் வாங்குவதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. இரண்டு இடைக்கம்பிகளும் ஒரே நிறத்தில், பேஸ் கம்பியின் நிறத்திலிருந்து வேறுபட்டு இருந்தால், பின்னால் பழுது பார்ப்பவருக்கு உதவியாக இருக்கும். கையில் கறுப்புக் கம்பியோ பச்சைக் கம்பியோ மீந்திருக்கின்றது என்று அதை இடைக்கம்பியாகப் போட ஒருபோதும் இடங்கொடுக்கலாகாது. இன்று போடுபவருக்கு அது நினைவிருக்கும். ஐந்து ஆண்டு கழித்துத் திறப்பவர் கறுப்பு என்றால் நியூட்ரல் என்று நம்பிக் கை வைப்பார்.

சிக்கனம் என்ற பெயரில் நடக்கும் தவறு

மேலே கூறிய முறையில் இரு சுவிட்சுகளுக்கும் நடுவே இரண்டு இடைக்கம்பிகள் ஓட வேண்டும். தூரம் அதிகமானால் கம்பிச் செலவும் அதிகம். இதைக் குறைப்பதற்காகச் சிலர் வேறொரு முறையைக் கையாளுகிறார்கள். தொழுவத்தில் ஏற்கெனவே வேறு விளக்குக்கோ பிளக்குக்கோ பேஸும் நியூட்ரலும் போயிருக்கும். வீட்டிலும் அவை உண்டு. எனவே ஒவ்வொரு சுவிட்சின் ஒரு பக்க முனையில் பேஸையும் மறு பக்க முனையில் நியூட்ரலையும் மாட்டிவிட்டு, இரு சுவிட்சுகளின் பொது முனைகளை விளக்கின் இரு முனைகளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். வீட்டிலிருந்து தொழுவத்திற்கு ஒரே ஒரு கம்பி போனால் போதும். விளக்கும் இரண்டு இடங்களிலிருந்தும் ஒழுங்காக ஏறி இறங்கும். பார்ப்பவருக்கு எந்தக் குறையும் தோன்றாது.

இதில் உள்ள அபாயத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு சுவிட்சு பேஸிலும் மற்றது நியூட்ரலிலும் இருக்கும்போது விளக்கு எரியும். இரண்டும் நியூட்ரலில் இருந்தால் அணையும். அதனால் கெடுதல் இல்லை. ஆனால் இரண்டும் பேஸில் இருந்தாலும் விளக்கு அணைந்தே இருக்கும்! விளக்கின் இரு முனைகளிலும் 230 வோல்ட் நிற்கின்றது. இரு முனைக்கும் இடையே வேறுபாடு இல்லாததால் மட்டுமே அது எரியவில்லை. அணைந்த விளக்கு என்று நம்பி ஒருவர் ஹோல்டரில் கை வைத்தால், அவர் உடல் வழியே மின்சாரம் மண்ணுக்கு இறங்கும்.

நமது வட்டாரத்தில் ஒரு குடியானவர் வீட்டில் நிகழ்ந்ததை இங்கே கூறுவது பொருந்தும். தொழுவத்து விளக்கு எரியவில்லை என்று அவருடைய மகன் பல்பு மாற்ற முக்காலிமேல் ஏறினார். முன்யோசனையுடன் சுவிட்சை அணைத்துவிட்டே ஏறினார். விரல் ஹோல்டரில் பட்டதும் தூக்கி எறியப்பட்டுக் கீழே விழுந்ததில் முன்கை எலும்பு முறிந்தது. தரை ஈரமாக இருந்து, அவர் தரையில் நின்றபடியே ஹோல்டரைத் தொட்டிருந்தால் எலும்போடு போயிருக்காது. பின்னர் வேறொரு ஒயர்மேன் வந்து பெட்டிகளைத் திறந்து பார்த்தபோது, இரண்டு சுவிட்சுகளிலும் கறுப்புக் கம்பி மாட்டப்பட்டிருந்தது. மிச்சம் பிடித்தது 15 மீட்டர் கம்பி.

அந்த முறையில் வேறு கெடுதல்களும் உண்டு. ஒரு சிறு சுவிட்சின் உள்ளே பேஸும் நியூட்ரலும் அருகருகே நிற்கின்றன. சுவிட்சு தேய்ந்து பொறி பறக்கத் தொடங்கினால் இரண்டும் நேராகச் சேர்ந்து எரிந்துபோகக் கூடும். கூரை வேய்ந்த தொழுவத்தில் இதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. இன்னும் ஒன்று: கிணற்று மோட்டார் கொட்டகையில் மும்முனை இணைப்பு இருக்கும். வீட்டுச் சுவிட்சுக்கு ஒரு பேஸும் கொட்டகைச் சுவிட்சுக்கு வேறொரு பேஸும் அமைந்துவிட்டால், இரண்டுக்கும் இடையே 400 வோல்ட் வரும். விளக்கு வெடித்துச் சிதறும். வீட்டு இணைப்பையும் விவசாய இணைப்பையும் ஒரே விளக்கில் கலப்பது சட்டப்படியும் குற்றம். ஒரு மெயினை நிறுத்திய பின்னும் மற்றொன்றிலிருந்து மின்சாரம் நிற்பதால் உயிருக்கும் கேடு.

நியூட்ரல் கம்பியில் தனிச் சுவிட்சு வைக்கலாகாது என்பது 1956 ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே சொல்லப்பட்டுள்ளது. பின்னர் மத்திய மின்சார ஆணையம் வகுத்த பாதுகாப்பு விதிகளிலும் அந்தக் கொள்கை தொடர்கின்றது. ஆகவே வீட்டுக்காரர் நினைவில் வைக்க வேண்டிய அடையாளம் ஒன்றே ஒன்று: விளக்குச் சுவிட்சின் எந்த முனையிலும் நியூட்ரலாகிய கறுப்புக் கம்பி முறுக்கப்பட்டிருக்கக் கூடாது. வேலை முடிந்து பெட்டியை மூடுமுன், மெயினை நிறுத்திவைத்து, "காட்டுங்கள், பார்ப்போம்" என்று ஒயர்மேனிடம் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. நல்ல ஒயர்மேன் மகிழ்ச்சியோடு காட்டுவார். மின்கம்பியாள் தகுதிச் சான்று பெற்றவரைக் கொண்டே இவ்வேலையைச் செய்விக்க வேண்டும். இதைப் படித்துவிட்டு வீட்டுக்காரரே திருகுளியை எடுத்துக்கொண்டு கிளம்பலாகாது.

டெஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தை. அணைந்த விளக்கின் ஹோல்டரில் டெஸ்டரை வைத்தால் சில சமயம் அது மங்கலாக ஒளிரும். உடனே தவறான இணைப்பு என்று முடிவு கட்டவும் முடியாது. சரியான இணைப்பு என்று அலட்சியம் செய்யவும் முடியாது. இரண்டு இடைக்கம்பிகளும் நீண்ட தூரம் ஒட்டியே ஓடுவதால், மின்சாரம் நிற்கும் கம்பியிலிருந்து மற்றதற்கு மிகச் சிறு அளவு தூண்டப்படுகின்றது. எல்.இ.டி. விளக்குகள் அணைத்த பிறகும் மின்மினிபோல் மினுக்குவதற்கு இது ஒரு காரணம். பேய் பிடித்த விளக்கு என்று ஓர் ஊரில் பெயரே வைத்துவிட்டார்கள்! ஆனால் நியூட்ரலில் சுவிட்சு வைத்த வீட்டிலும் இதே மினுக்கல் தோன்றும். ஆகவே மினுக்கும் விளக்கைக் கண்டால் ஒயர்மேனை அழைத்து, சோதனை விளக்கைக் கொண்டு எது காரணம் என்று பார்க்கச் சொல்வது நல்லது.

தொழுவத்திற்குக் கம்பி கொண்டு செல்லல்

வீட்டிலிருந்து தொழுவம் 15 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 50 அடி. விளக்கு தொழுவத்தின் முகப்பில், முற்றத்திற்கும் ஒளி விழும்படி அமைகின்றது. இரண்டு இடைக்கம்பிகள், ஒரு நியூட்ரல், ஓர் எர்த் ஆக நான்கு கம்பிகள் போக வேண்டும். நான்கு பதினைந்து அறுபது மீட்டர். இரு புறமும் சுவரில் ஏறி இறங்குவதற்கு இன்னும் 20 அல்லது 25 மீட்டர் சேர்த்துக்கொண்டால் கணக்குச் சரியாகும். நான்கு நிறத்திற்கும் முழுச் சுருள் வாங்க வேண்டியதில்லை; மீட்டர் கணக்கில் வாங்கலாம். பேஸும் நியூட்ரலும் வீட்டின் ஒரே சர்க்யூட்டிலிருந்து வர வேண்டும் என்பதை மட்டும் சொல்லி வைக்க வேண்டும்.

வீட்டுக்குள் ஓட்டும் சாதாரணக் கம்பியை வெட்டவெளியில் மரத்துக்கு மரம் கட்டி இழுப்பது தீராத வழக்கமாக இருக்கின்றது. வெயிலில் அதன் மேலுறை வெடிக்கும். காற்றில் கிளையோடு உரசும். மழை பெய்தால் மரமே மின்சாரம் ஏறியதாகிவிடும். மேலுறை இரட்டித்த கேபிளை வாங்கி, தாங்கும் இரும்புக் கம்பியில் கட்டி, நடுவில் எங்கும் முடிச்சில்லாமல் கொண்டு செல்ல வேண்டும். வைக்கோல் பாரம் ஏற்றிய வண்டியோ டிராக்டரோ கடக்கும் முற்றமானால், மேலே இழுப்பதைவிட மண்ணில் புதைப்பதே மேல். முக்கால் மீட்டர் ஆழத்தில், இரும்புக் கவசமுள்ள கேபிளைப் புதைத்து, அதன்மேல் ஒரு வரிசைச் செங்கல் பரப்பிவிட்டால், பின்னொரு நாள் கடப்பாரை போடுகிறவருக்கு அது எச்சரிக்கையாகும்.

மாடு மனிதனைவிட எளிதில் மின்னதிர்ச்சிக்கு இரையாகும் பிராணி. நான்கு கால்களும் ஈர மண்ணில் ஊன்றியிருக்கின்றன; முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே உள்ள தூரத்தில் மின்னழுத்தம் வேறுபட்டாலே அதற்கு ஆபத்து. தொழுவத்துக் காற்றில் கோமியத்தின் காரம் கலந்திருப்பதால் இரும்புப் பெட்டி விரைவில் துருவேறும். ஆகவே சுவிட்சுப் பெட்டி பிளாஸ்டிக்கில், மூடியோடு கூடியதாக, மாட்டின் கொம்பும் வாலும் எட்டாத உயரத்தில், தொழுவத்தின் உட்புறத்தைவிட வாசல் தூணில் இருப்பது நலம். வீட்டு மெயினுக்கு அடுத்து 30 மில்லி ஆம்பியர் அளவுள்ள ஆர்.சி.சி.பி. ஒன்றைப் பொருத்தினால், மின்சாரம் கசிந்து மண்ணுக்கு இறங்கும் கணத்திலேயே அது தானாக நிறுத்திவிடும். இதற்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும் என்றாலும், ஒரு கறவை மாட்டின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை. ஆனால் ஒருவர் ஒரு கையால் பேஸையும் மறு கையால் நியூட்ரலையும் பற்றிக்கொண்டால் இக்கருவி காப்பாற்றாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதே முறையில் கிணற்று மோட்டாரையும் வீட்டிலிருந்து இயக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கூடாது. இருவழிச் சுவிட்சைப் பார்த்து அது ஓடும் நிலையா நிற்கும் நிலையா என்று சொல்ல முடியாது. கிணற்றடியில் ஒருவர் மோட்டாரில் கை வைத்திருக்கும்போது வீட்டில் ஒரு குழந்தை சுவிட்சைத் தட்டினால் என்ன ஆகும்? மோட்டாருக்கு ஸ்டார்ட்டரும் அதற்குரிய தனி ஏற்பாடுகளும் வேறு.

மூன்று இடங்களிலிருந்து ஒரு விளக்கை இயக்க வேண்டுமானால், இரு இருவழிச் சுவிட்சுகளுக்கும் நடுவே நான்கு முனைகளுள்ள 'இன்டர்மீடியட்' சுவிட்சு ஒன்றை வைக்கலாம். இடைக்கம்பிகள் இரண்டையும் அது நேராகவோ குறுக்காகவோ சேர்த்துவிடும். வீடுகளுக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது. விடுதிகளின் நீண்ட தாழ்வாரங்களுக்குப் பயன்படும்.

பஞ்சாயத்துக் கட்டடங்களில்

வீட்டைப்பற்றி இவ்வளவும் கூறியபின், பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்குச் சில சொற்கள் கூற விரும்புகிறோம். மாடியுள்ள பள்ளிக் கட்டடம், சமுதாயக் கூடம், இரு புறமும் வாசலுள்ள நூலகம் ஆகியவற்றிற்கு மதிப்பீடு தயாராகும்போதே, மாடிப்படி விளக்கு இருவழிச் சுவிட்சோடு அமைய வேண்டும் என்று கேட்டுச் சேர்க்கச் செய்ய வேண்டும். சுவர் பூசி முடிந்த பிறகு நினைவு வந்தால், சுவரை வெட்ட வேண்டியிருக்கும். அல்லது கம்பி சுவரின்மேல் தொங்கும். பூசுமுன் ஒரு குழாய் கூடுதலாகப் பதிப்பது அற்பச் செலவு.

வேலை முடிந்து பட்டியல் வரும்போது, மின்சாரம் படிக்காத அங்கத்தினரும் செய்யக் கூடிய சோதனை ஒன்று உண்டு. ஒருவர் கீழேயும் ஒருவர் மேலேயும் நின்றுகொள்ளட்டும். கீழே இருப்பவர் தம் சுவிட்சை ஒரு முறை மாற்றட்டும். விளக்கின் நிலை மாற வேண்டும். பிறகு மேலே இருப்பவர் மாற்றட்டும். மறுபடியும் மாற வேண்டும். இவ்வாறு மாறி மாறி நான்கு முறை செய்தால், இரு சுவிட்சுகளும் கூடும் நான்கு நிலைகளும் வந்துவிடும். அவற்றில் இரண்டில் விளக்கு எரிந்து, இரண்டில் அணைந்திருக்க வேண்டும். ஒரு நிலையிலேனும் சுவிட்சைத் தட்டியும் விளக்கு அசையாமல் இருந்தால், பொது முனை மாறிப்போயிருக்கின்றது அல்லது ஓர் இடைக்கம்பி விட்டுப்போயிருக்கின்றது என்று பொருள்.

இந்தச் சோதனையில் தேறினால் மட்டும் போதாது. முன்பு சொன்ன தவறான முறையும் இதில் தேறிவிடும்! ஆகையால் மெயினை நிறுத்தச் சொல்லி, இரண்டு பெட்டிகளையும் திறந்து காட்டச் செய்து, சுவிட்சின் முனையில் கறுப்புக் கம்பி இல்லை என்பதை நேரில் பார்த்த பின்னரே பட்டியலில் கையெழுத்திட வேண்டும். பள்ளிக் கட்டடத்தில் பல்பு மாற்ற ஏறுகிறவர் பெரும்பாலும் ஓர் உயர்ந்த வகுப்பு மாணவனாகவே இருக்கிறான். அவனை ஏறவிடுவதே தவறு என்பது வேறு விஷயம்.

ஐப்பசி மழைக்கு முன்பாக ஆண்டுக்கு ஒரு முறை, வெளியிலுள்ள சுவிட்சுப் பெட்டிகளை ஒயர்மேனைக் கொண்டு திறந்து பார்ப்பது அவசியம். பல்லி நுழைந்து செத்துக் கிடக்கும்; எறும்பு மண் சேர்த்திருக்கும்; திருகுகள் தளர்ந்திருக்கும். பெட்டியின் உட்புறச் சுவரில் தண்ணீர் இறங்கிய தடம் தெரிந்தால், கம்பி நுழையும் துளை மேற்பக்கம் இருக்கின்றது என்று அறியலாம். அதை அடைத்துவிட்டு, கம்பி சற்றுக் கீழே தொங்கி வளைந்து பெட்டியின் அடிப்பக்கமாக நுழையும்படி மாற்றச் சொல்ல வேண்டும். அந்த வளைவின் நுனியில் மழைத்துளி சொட்டிவிடும், பெட்டிக்குள் ஏறாது.